லேசருக்கு நெற்றி எது?

1

இந்தக் கதையை நான் எழுத நேர்ந்ததற்கு என்னுடைய இன்னொரு கதைதான் காரணம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தக் கதை போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளிதழின் ஞாயிறு மலரில் வந்தது. தலைப்பைச் சொல்ல மாட்டேன். அதில் 'ஒளி' என்ற சொல் இரண்டு முறை வருகிறது, அது போதும். தாமரை என்று ஒரு பெண். நரம்பு நோயால் கால் மரத்துப்போனவள். ஒரு சிகிச்சை நிலையத்தில் அவள் முதுகிலும் காலிலும் லேசர் பாய்ச்சுகிறார்கள். மெல்ல மெல்ல நடக்கத் தொடங்குகிறாள். கடைசிப் பத்தியில் கிந்தா ஆற்றுப் பாலத்தில் நின்றுகொண்டு, இத்தனை வருடம் தன்னைக் குத்திய ஊசிகளையெல்லாம் தண்ணீரில் வீசிவிட்டு, கைத்தடி இல்லாமல் நடந்து போகிறாள்.

நல்ல முடிவு. நானே எழுதியது என்பதற்காகச் சொல்லவில்லை. எட்டுப் பேர் வாட்ஸ்அப்பில் கைகூப்பி அனுப்பியிருந்தார்கள்.

ஒன்பதாவது ஆள் எதையும் அனுப்பவில்லை. தன் ஊசியை நிறுத்திவிட்டார்.

மலர் ஆசிரியருக்குப் போன் செய்து ஒரு திருத்தம் போட முடியுமா என்று கேட்டேன். "கதைக்கு எதுக்குய்யா திருத்தம்? செய்தியில தப்பு வந்தா போடுவோம். ஒமக்கு வேணும்னா இன்னொரு கத எழுதிக் குடும்," என்றார். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்தத் திருத்தம்.

2

முதல் வரிக்கு மட்டும் ஒரு ராத்திரி செலவானது. எழுதியவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

'புந்தோங்கின் காலைப் பனியில் மஞ்சள் வேன் ஒன்று…' [புந்தோங்கில் ஏது பனி? வேண்டாம்.]

'ரப்பர் மரங்களின் நிழலில் பிறந்த கலாதேவி…' [நிறுத்து. லயத்து வீட்டை நினைத்து ஏங்கும் நாலு பத்தி இந்த நாட்டில் எழுதுகிற எல்லோரிடமும் தயாராக இருக்கிறது. என்னிடமும் இருக்கிறது. சித்தியவான் பக்கம் கலாதேவியும் நானும் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது பாதி செம்பனை, பாதி தாமான் என்கிற புதுக் குடியிருப்பு. அந்தத் தாமான் வீடுகளில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. மேலே போவோம்.]

'ஒளி என்பது…' [இல்லவே இல்லை.]

நேராகச் சொல்லிவிடுகிறேன். கலாதேவி அக்காவுக்கு வயது நாற்பத்தொன்பது. ஈப்போவில், புந்தோங் பகுதியில் பதினேழு வருடம் பள்ளி வேன் ஓட்டியவர். எந்தப் பிள்ளை டையை மறக்கும், எந்தப் பிள்ளையின் அம்மா தலைசீவாமல் வாசலுக்கு ஓடிவருவாள் என்பதெல்லாம் அத்துப்படி. ஹாரன் அடிக்க மாட்டார். பெயர் சொல்லிக் கத்துவார். மகன் ஜொகூரில் வேலை செய்கிறான். கணவர் உடன் இல்லை. [எங்கே என்று கேட்காதீர்கள். கேட்ட ஒருவரைப் பாதி வழியில் வேனிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறார்.]

நான் யுகேந்திரன். கூடப்பிறந்தவன் இல்லை, ஒரே தோட்டத்துப் பிள்ளை; அவரைவிட மூன்று வயது இளையவன். மருத்துவ மெசின்களைப் பழுது பார்ப்பதும், அளந்து சரிபார்த்து மேலே சீட்டு ஒட்டுவதும் என் தொழில். ஈப்போவிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை பல கிளினிக்குகளில் என் கையெழுத்துள்ள சின்னச் சீட்டை நீங்கள் பார்த்திருக்கலாம். தொழிலில் நான் கெட்டிக்காரன். இங்கே தன்னடக்கம் உதவாது, ஏனென்றால் நான் கெட்டிக்காரன் என்பதுதான் இந்தக் கதையின் சிக்கலே. கதை எழுதுவது சனி, ஞாயிறுகளில்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு நாள், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது, அக்காவின் இடது கண்ணுக்குச் சாலையின் சிவப்பு விளக்கு வெளுத்துத் தெரிந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தார். சில மாதம் கழித்து வலது காலுக்கு பிரேக் எங்கே என்று தெரியாமல் போனது. கையால் காலைத் தூக்கி வைத்து அழுத்தி, வேனை ஓரம் கட்டி, பிள்ளைகளை இறக்கி, எல்லோரும் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அழுதார். பெரிய மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மல்டிபல் ஸ்கிலரோசிஸ் என்றார்கள். அன்றிலிருந்து வேன் வீட்டு வாசலில் நிற்கிறது. காலையில் இஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார்.

(* நோயை விளக்க ஒரு குறிப்பு. எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். மின்கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறதல்லவா, நரம்புக்கும் அப்படி ஒன்று உண்டு. இந்த நோயில் உடம்பின் காவல்படையே அந்த உறையைக் கடிக்கிறது. கடித்த இடத்தில் செய்தி கசிகிறது, தாமதமாகிறது, சில சமயம் நின்றே போகிறது. அக்காவுக்கு வந்த வகையில், கொஞ்ச காலம் கடிக்கும், பிறகு தானாக ஓயும், உறை ஓரளவு ஒட்டுப்போட்டுக்கொள்ளும், ஆள் தெம்பாக நடமாடுவார். மறுபடி எப்போது கடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. எலி கடித்தால் பொறி வைக்கலாம். இங்கே எலியும் நாமேதான்.)

3

ஊசியைப் பற்றி என் முதல் கதை ஒரு வரிகூட நியாயமாக எழுதவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட வேண்டும். மாலை ஆறு மணிக்கு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, கொஞ்ச நேரம் வெளியே வைத்து, குளிர் போனதும் தொடையில் தானே குத்திக்கொள்ள வேண்டும். அன்று ராத்திரி அக்காவுக்குக் காய்ச்சல் வரும், உடம்பு நடுங்கும்.

"ரோலர் ஏறி எறங்குன மாதிரி இருக்கும்டா. இது சீக்குக்கு மருந்தா, மருந்தே சீக்கா?" என்பார்.

இந்த ஊசி அவரை நடக்க வைக்காது. அடுத்த தாக்குதல் வராமல் பார்த்துக்கொள்ளும், வந்தாலும் அடிக்கடி வராமல் பார்த்துக்கொள்ளும். அதாவது, ஊசி சரியாக வேலை செய்தால் எதுவுமே நடக்காது. எழுதுகிறவனாகச் சொல்கிறேன், இதைவிட மோசமான கதைப்பொருள் கிடையாது. 'திங்களன்று ஒன்றும் நடக்கவில்லை. புதனன்றும் ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதினால் யார் படிப்பார்கள்? லேசர் அப்படி இல்லை. பெயரிலேயே ஒரு மினுக்கு இருக்கிறது. படுக்க வைக்கலாம், கறுப்புக் கண்ணாடி மாட்டலாம், எழுந்து நடக்க வைக்கலாம். என் கதையில் லேசர் நாயகனாகவும் ஊசி வில்லனாகவும் ஆனதற்கு மருத்துவக் காரணம் ஒன்றும் இல்லை. ஊசியை வைத்துக் கதை எழுத எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

4

சிகிச்சை நிலையம் ஈப்போவில் ஒரு பல் கிளினிக்குக்கும் ஒரு பிரியாணிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே ஷாமினி என்று ஒரு பிசியோதெரபிஸ்ட், இருபத்தெட்டு வயது. செப்டம்பர் மாதம் அக்காவை அங்கே கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். மெசின் நான் பார்க்கிற மெசின்.

முதல் நாளே ஷாமினி தெளிவாகச் சொன்னாள். "அக்கா, ஒளிக்காமச் சொல்லிர்றேன். இந்த நோய்க்கு லேசர் வேல செய்யும்னு இன்னும் யாரும் உறுதியா நிரூபிக்கல. சின்னச் சின்ன ஆராய்ச்சிதான் இருக்கு. வலி, அலுப்பு கொறயலாம், கொறயாமலும் போலாம். ஊசிய மட்டும் நிறுத்தாதீங்க. அப்புறம் நான் குடுக்கற பயிற்சிய வீட்டுல தெனம் செய்யணும்."

"பயிற்சி எல்லாம் சூசா லா, கஷ்டம்," என்றார் அக்கா. "அந்த லைட்ட வை மொதல்ல."

[இந்த இடத்தில் ஷாமினியை நான் முதல் கதையில் என்ன செய்தேன் தெரியுமா? அவள் பேசியதை எல்லாம் வெட்டிவிட்டு, வெள்ளைக் கோட்டு போட்டுப் புன்னகைக்க வைத்தேன். நிஜத்தில் அவள் போடுவது டி-சட்டை.]

அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாத வகை. பேனா மாதிரி ஒரு கைப்பிடி, அதன் முனையில் சின்னக் கண்ணாடி. முனையை முதுகுத்தண்டின் ஓரமாக, பிறகு காலில், இடம் இடமாக வைத்துப் பிடிப்பாள். பெட்டி 'பீப்' என்று சொல்லும், எண்கள் இறங்கும். வெளிச்சமும் தெரியாது, சூடும் இருக்காது. வேலை நடக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். ஷாமினி தரையில் நீல டேப் ஒட்டி இருபத்தைந்து அடி அளந்து வைத்திருக்கிறாள். இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு நடக்க எத்தனை விநாடி என்று ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்வாள். முதல் நாள் அக்காவுக்குப் பதின்மூன்று விநாடி. செப்டம்பர் முடிகிறபோதும் பதின்மூன்றுதான்.

அக்டோபரில் இறங்கத் தொடங்கியது. பதினொன்று. பத்து. நவம்பர் முதல் வாரம் எட்டு. அன்றைக்கு அக்கா தன் கைத்தடியை வரவேற்பு மேசையிலேயே சாய்த்து வைத்துவிட்டு, மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். நான் வேறு வேலையாக அங்கே போனபோது அந்தத் தடியைப் பார்த்தேன். ஒரே மூச்சில் கதை எழுதி அனுப்பிவிட்டேன். மெசினைத் திறந்து பார்க்காமல் நான் சீட்டு ஒட்டியதே கிடையாது. கதைக்கு மட்டும் ஒட்டினேன்.

5

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும், அக்டோபர் தொடக்கத்துக்கு.

ஆயுத பூசை அன்று நிலையத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அங்கே எல்லாமே ஆயுதம்தான். மசாஜ் கட்டில், எடை பார்க்கும் மெசின், தண்ணீர் கொதிக்க வைக்கும் கெத்தில், என் ஸ்குரூடிரைவர் பை. மூலையில் நிற்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக்குக்கூடச் சந்தனம், குங்குமம். கிண்ணம் என் கையில் இருந்தது. பூசையில் பொட்டு வைக்கப் போகிறவனுக்கு ஒரு கேள்வி வரும்: இந்தப் பொருளுக்கு நெற்றி எது? எடை மெசினுக்கு எண் காட்டும் இடம். கெத்திலுக்கு மூடி. லேசர் பெட்டிக்கு முன்பக்கம் வைத்தேன். அப்புறம் ஒயரில் தொங்கிய கைப்பிடி கண்ணில் பட்டது. ஆளைத் தொடுவது அதுதானே, வேலை செய்வதும் அதுதானே என்று தோன்றியது. விரலில் சந்தனம் மிச்சம் இருந்தது. முனையில் தாராளமாக ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தேன்.

முனையில் இருப்பது கண்ணாடி. ஒளி வெளியே வர வேறு வழி கிடையாது. எனக்குத் தெரியாதா? அந்த மெசினைப் பிரித்துப் பூட்டியவன் நான். பூசை முடிந்ததும் துடைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். [பொய். எதையும் நினைக்கவில்லை. சுண்டல் எப்போது கொடுப்பார்கள் என்று நினைத்தேன்.]

6

ஞாயிற்றுக்கிழமை கதை வந்தது. செவ்வாய்க்கிழமை அந்த மெசினுக்கு ஆறு மாதச் சரிபார்ப்பு. நான் போனபோது அக்கா சிகிச்சை முடிந்து சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"டேய் யுகேன், எந்தப் பாலம்டா?"

"என்ன பாலம் அக்கா?"

"ஒன் கதையில அந்தப் பொண்ணு ஊசிய வீசுனாளே. ஃபிரிட்ஜில மூணு பாக்கி இருக்கு. நேத்திக்குப் போட வேண்டியது, போடல. இனிமே போடவும் மாட்டேன்."

"அது கத அக்கா. சும்மா எழுதுனது."

"நீயா சும்மா எழுதுவ? வேற எவனாச்சும் எழுதிருந்தா கதன்னு விட்டுருப்பேன். நீ மெசின் தெரிஞ்சவன். உள்ள என்ன இருக்குன்னு பாத்தவன். தெரியாமலா எழுதுவ?"

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"டாக்டரு போடுன்னுதான் சொல்வாரு. நடுங்கறது நானு." பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "ஊசி நாள்ல காய்ச்சல் இல்லாமத் தூங்கி நாலு வருசம் ஆச்சுடா. நேத்து தூங்குனேன்."

பள்ளி திறக்கும்போது வேனை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தடி இல்லாமல் கிளம்பினார்.

நான் மீட்டரை எடுத்தேன். கைப்பிடி முனையை அதன் மேல் வைத்தால் எத்தனை மில்லிவாட் ஒளி வருகிறது என்று காட்டும். இருநூறு காட்ட வேண்டும். பதினொன்று காட்டியது. மீட்டரைத் தட்டினேன். பேட்டரியை மாற்றினேன். பதினொன்று. சுத்தத்துக்காக முனையில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றுவார்கள், அதைப் பிரித்தேன். உள்ளே என் பொட்டு கெட்டியாகக் காய்ந்து, குங்குமத்தோடு, வைத்தது வைத்தபடி இருந்தது.

ஷாமினியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சாமி பொட்டு அண்ணே, எப்படி அழிக்கறது?" என்றாள். "தானா உதிரட்டும்னு மேல பிளாஸ்டிக்க சுத்திட்டேன். அதோட, அது நீங்க வெச்சது. மெசின் தெரிஞ்ச ஆளே வெச்சிருக்காரு, பரவால்லன்னு…" அதற்குள் மீட்டரைப் பார்த்துவிட்டாள்.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

காலண்டரை வைத்து எண்ணினோம். ஏழு வாரம். அக்காவைப் பதின்மூன்றிலிருந்து எட்டுக்குக் கொண்டுவந்த ஏழு வாரமும் அந்த முனையிலிருந்து ஒளி என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை. ஒளி முழுதாக வந்த செப்டம்பரில் ஒரு விநாடிகூடக் குறையவில்லை.

(* இதை வைத்து 'லேசர் வெறும் ஏமாற்று' என்று எழுதினால் இன்னும் நிறையக் கைகூப்பல் கிடைக்கும். அதுவும் முதல் கதை மாதிரி இன்னொரு பொய். ஒரு ஆள், ஒரு மெசின், ஒரு பொட்டு. இதிலிருந்து லேசரைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அக்கா எதை நம்பி ஊசியை நிறுத்தினாரோ அது அந்த நாட்களில் அங்கே இல்லை என்பது மட்டும் தெரியும்.)

"சனிக்கெழம அக்காவுக்கு அடுத்த செஷன்," என்றாள் ஷாமினி. "நான் முதலாளிகிட்ட இப்பவே சொல்லிருவேன். அக்காகிட்ட நீங்க சொல்லுங்க. வெள்ளிக்குள்ள சொல்லலன்னா நானே சொல்வேன்."

சின்னப் பெண்தான். அன்றைக்கு அந்த அறையில் பெரிய ஆள் அவள்தான்.

7

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் ஒன்று உண்டு. யுகேந்திரன். புந்தோங்கில் பத்து நிமிட மோட்டார்சைக்கிள் தூரத்தில் ஓர் ஆள் ஊசியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இவன் போய் நாலு வார்த்தை சொல்லாமல், வீட்டில் உட்கார்ந்து முடிவு எழுதிப் பார்க்கிறான். புதன்கிழமையும் ஊசி நாள். அன்றும் எழுதிக்கொண்டுதான் இருந்தான்.

எழுதியது இது. பொட்டைத் துடைத்தாகிவிட்டது, மெசின் இப்போது சரி, யாருக்கும் தெரிய வேண்டாம். அக்கா சந்தோஷமாக நடக்கிறார். [ஊசி இல்லாமல் எத்தனை நாள்? பள்ளி திறந்து ஒரு நாள், வேன் நிறையப் பிள்ளைகளோடு, சிவப்பு விளக்கு மறுபடி வெளுத்துப்போனால்? அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.]

அடுத்தது: உண்மையைக் கேட்ட அக்கா அப்படியே உட்கார்ந்துவிடுகிறார், கால் மறுபடி மரத்துப்போகிறது, மூலையில் தடி… [இதை எழுதும்போது கை சரளமாக ஓடியது. சோகம் எனக்குச் சுலபமாக வரும். அதனாலேயே சந்தேகம் வந்து நிறுத்தினேன்.]

இன்னொன்றும் இருந்தது. தைப்பூசம். அக்கா புந்தோங்கிலிருந்து கல்லுமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்து நடக்கிறார், ஊரே பார்த்து நிற்கிறது. இதை எழுதிக் கொஞ்சம் கண்கூடக் கலங்கினேன். [அக்காவுக்கு வெயில் ஆகாது. உடம்பு சூடானால் கண் மங்கும், கால் தள்ளாடும். கொதிக்கிற தார்ச்சாலையில் அவரைப் பால்குடத்தோடு நடக்கவிட நான் யார்?]

வியாழக்கிழமை ஒன்று உறைத்தது. மூன்று முடிவிலும் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொன்ன பக்கம் நடந்தார், நான் சொன்ன இடத்தில் விழுந்தார். தாமரையை அப்படி ஆட்டிவைக்கலாம். கலாதேவி அக்காவை அப்படி ஆட்டிவைத்தால் செருப்பு வரும்.

ஆகவே முடிவை விட்டுவிட்டு, ஒன்றிலிருந்து ஏழு வரை அச்செடுத்தேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால் காகிதத்தில் கொண்டுபோனேன். இதுவும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

8

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் போனபோது அக்கா வேனின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னடா காயிதம்?"

"படிங்க அக்கா."

ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "பின்னால ஏறு. வாசல்ல நின்னு நகத்தக் கடிக்காத."

பிள்ளைகள் உட்காரும் பலகையில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தேன். சன்னலில் யாரோ ஒட்டிய பூனைப் படம் பாதி கிழிந்திருந்தது. அக்கா படிக்கத் தொடங்கினார்.

"நாப்பத்தொம்பதா? நாப்பத்தெட்டுடா."

"மாத்திர்றேன்."

"புருசன் கதைய எதுக்கு இழுக்கற? 'பெயர் சொல்லிக் கத்துவார்.' நானா கத்துவேன்?" என்று கத்தினார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

நாலாம் பகுதியில் சிரித்தார். ஐந்தாம் பகுதியில் எலும்புக்கூட்டுக்குச் சிரித்தார். அதற்குப் பிறகு வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். ஓட்டுநரின் பின்பார்வைக் கண்ணாடியில் அவர் கண் மட்டும் எனக்குத் தெரிந்தது. ஆறாம் பகுதியை முடித்துவிட்டு, தாளைத் திருப்பி, அந்தப் பகுதியையே மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"ஏழு வாரமா?"

"ஆமா அக்கா."

"ஒண்ணுமே வரலியா?"

"வரலன்னுதான் சொல்லணும்."

"பொய் சொல்லாத. எனக்குச் சூடு தெரிஞ்சுச்சு. முதுகுல எதமா எறங்குச்சு. அதுக்காகவே போவேன்."

"அந்த லேசர்ல சூடு வராது அக்கா. ஷாமினி ஒரு கையில மெசினப் புடிச்சிக்கிட்டு இன்னொரு கைய ஒங்க முதுகுல வெச்சிருப்பா. அது அவ கை."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இந்த நாலு வருடத்தில் யாரும் அவரை ஆதரவாகத் தொட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் கூடவே இருந்து, ஒரு கதையில் இதைக் கவனிக்காமல் ஒளியைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

"மன்னிச்சிருங்க அக்கா," என்றேன்.

"அத அப்பறம் பாப்போம். மொதல்ல இதச் சொல்லு. என்னைய யாருடா நடக்க வெச்சது?"

"தெரியாது அக்கா. சீக்கு தானா ஓஞ்சிருக்கலாம். இத்தன நாளு போட்ட ஊசி புதுசா கடிக்க விடாமத் தடுத்துருக்கலாம். ஷாமினி சொன்ன பயிற்சியா இருக்கலாம்."

"முருகன விட்டுட்ட."

"அவரையும் சேத்துக்கங்க."

"சேத்துக்கறேன். நானு?"

"என்னக்கா?"

திரும்பி என்னைப் பார்த்தார். "பயிற்சி சூசான்னு சொன்னத மட்டும் எழுதிட்ட. தெனம் காலைல அடுப்படியில சிங்க்கப் புடிச்சிக்கிட்டு இருவது தடவ குந்தி குந்தி எந்திரிச்சேன். கால் நடுங்க நடுங்க. ஒரு நாளும் விடல. லைட்டு, ஊசி, சீக்கு, சாமி, எல்லாம் ஒன் லிஸ்டுல இருக்கு. நான் எங்கடா?"

நான் அதை விசாரிக்கவே இல்லை. [நாலாம் பகுதிக்குப் போய் இதைச் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். வேண்டாம். நான் கேட்காமல் விட்டது இங்கேயே தெரியட்டும்.]

"ஊசிய நிறுத்தாதீங்க அக்கா," என்றேன். செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்க வேண்டியது. "நிறுத்தணும்னா டாக்டர்கிட்ட போவோம், நானே கூட்டிட்டுப் போறேன். காய்ச்சல் இல்லாத வேற மருந்து இருக்கான்னு கேப்போம். என் கதையக் கேட்டு நிறுத்தாதீங்க. என் கதைக்கு ஒண்ணும் தெரியாது."

"இந்தக் கதைக்கு?"

"இதுக்கும் ரொம்பத் தெரியாது."

"கடைசிப் பக்கம் எங்க?"

"எழுதல."

"ஏன்?"

"போன தடவ எழுதுனேன். ஒங்க ஒடம்புக்குள்ள போயிருச்சு."

அக்கா தாள்களை மடித்து ஸ்டியரிங்கில் செருகினார். மணி என்ன என்று கேட்டார். ஆறாகப் போகிறது என்றேன். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒரு கணம் நின்று, பிடியை விட்டுவிட்டு வீட்டுக்குள் நடந்தார். நான் விநாடி எண்ணவில்லை. [எண்ணினேன். சொல்ல மாட்டேன்.]

பின்னாலேயே போனேன். வாசற்படியில் கையை நீட்டி மறித்தார்.

"நீ அங்கயே நில்லு."

"அக்கா…"

"நீ பாத்தா எழுதிருவ. ஒரு தடவ எழுதுனதுக்கே இந்தப் பாடு. இது என் வீட்டு ஃபிரிட்ஜி."

9

ஆகவே இதன் முடிவு என்னிடம் இல்லை. நான் மறைக்கவில்லை, எனக்குக் காட்டப்படவில்லை.

எனக்குத் தெரிந்ததைத் தருகிறேன். அந்த ஃபிரிட்ஜ் கதவின் மேல்தட்டில் மூன்று ஊசி இருக்கிறது. கீழ்த்தட்டில் உப்பும் புளிப்புமான அசாம்போய் தண்ணீர் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் ஊற்றிக் கொடுப்பார். எதை எடுத்தாலும் கதவு திறக்கிற சத்தம் ஒன்றுதான்.

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் எழுதியதைவிட நன்றாகவே எழுதுவீர்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆற்றங்கரைக்கோ பாலத்துக்கோ போகாதீர்கள், அழகாக இருக்கும் என்பதற்காக எதையும் வீசவைக்காதீர்கள். ஒன்றும் நடக்காத ஒரு முடிவை எழுத முடிந்தால் எழுதுங்கள்: அடுத்த திங்கள் ஒன்றும் நடக்கவில்லை, அதற்கடுத்த வருடமும் ஒன்றும் நடக்கவில்லை, வேன் ஓடுகிறது. சுவாரசியம் இருக்காது. ஆனாலும் எனக்கு அது வேண்டும். நீங்கள் எதை எழுதினாலும் கலாதேவி அக்கா படிப்பார், படித்ததை நம்பியும் விடுவார்.

நான் இன்னும் வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். உள்ளே ஃபிரிட்ஜ் கதவு திறந்த சத்தம் கேட்டது. மூடிய சத்தம் இன்னும் கேட்கவில்லை.